வீடு – கேள்வியும் பதிலும்: ஃபேன் இழுக்கும் ஈரக்காற்று எங்கே போகிறது?

மழைக்காலம் முடிந்த கையோடு மும்பை வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் குளியலறை ஈரத்தைப் பற்றியவை எப்போதும் மிகுதியாக இருக்கும். இம்முறை வந்தவற்றுள் எக்ஸாஸ்ட் ஃபேன் தொடர்பான ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்தில் உள்ள தவறு எத்தனையோ வீடுகளில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருப்பதால், அதற்கான விடை சற்று நீண்டுவிட்டது.

கேள்வி: நாங்கள் செம்பூரில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குளியலறையைப் புதுப்பித்தபோது, கான்ட்ராக்டர் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதிலேயே எக்ஸாஸ்ட் ஃபேனும் பொருத்திக் கொடுத்தார். ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனால் சென்ற மழைக்காலத்திலிருந்து ஃபேனைச் சுற்றிக் கருப்புப் புள்ளிகள் படர்ந்து, சீலிங்கின் ஒரு மூலை தொங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்துப் படுக்கையறை அலமாரியில் பட்டுப் புடவைகளில்கூடப் பூசண வாடை வீசுகிறது. மேல்வீட்டில் குழாய் கசிகிறது என்று நினைத்து அவர்களிடம் இரண்டு முறை சொன்னோம். அவர்கள் பிளம்பரை வைத்துச் சோதித்துவிட்டு, கசிவே இல்லை என்கிறார்கள். இப்போது இரு வீட்டாருக்கும் மனக்கசப்பு. உண்மையில் என்ன காரணம்?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: அம்மா, மேல்வீட்டார் சொல்வது சரியாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. குழாய்க் கசிவாக இருந்தால் கறை ஓரிடத்தில் தொடங்கி, பழுப்பு வளையமாகப் பரவும். கருப்புப் புள்ளிகள் ஃபேனைச் சுற்றியே படர வேண்டிய அவசியமில்லை. நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஃபால்ஸ் சீலிங்கில் சிறு கதவு விட்டிருந்தால் அதைத் திறந்து, இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை விட்டு ஃபேனைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஃபேனின் பின்புற வாயிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறதா? உங்கள் வீட்டில் அப்படி ஒரு குழாய் இருக்காது, அல்லது இருந்தும் கழன்று கிடக்கும் என்பது என் கணிப்பு.

காட்கோபரில் ஒரு வீட்டில் இதே புகாருக்காகப் போயிருந்தேன். சீலிங்குக்கு மேலே, நெளிநெளியான அலுமினியக் குழாய் ஃபேனின் வாயிலிருந்து நழுவி, ஜிப்சம் பலகையின் மீது செத்த பாம்பு போலக் கிடந்தது. அதை நான் தூக்கியபோது, வளைவில் தேங்கியிருந்த பழுப்பு நீர் அப்படியே என் முழங்கை வழியாக வடிந்தது. பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களின் திருகாணித் தலைகள் எல்லாம் துருவேறியிருந்தன. பலகையின் மேல்தாளை விரலால் தொட்டதும் ஊறிய அப்பளம் போல உரிந்து வந்தது. ஃபேன் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்பதால், ஈரம் வெளியேறுகிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

வெந்நீரில் குளித்து முடித்தபின் குளியலறைக் காற்று 33 டிகிரி வெப்பத்தில் நீராவியால் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 35 கிராம் நீரைத் தாங்கும். 5 அடிக்கு 8 அடி அளவும் 9 அடி உயரமும் உள்ள ஒரு குளியலறையில் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று உண்டு; அதாவது, கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றரை டம்ளர் தண்ணீர் அந்தக் காற்றில் மிதக்கிறது. குழாய் இல்லாத ஃபேன் இதை எடுத்து, காற்றோட்டமே இல்லாத ஓர் அடி உயரப் பொந்துக்குள் நாள்தோறும், வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு முறை, தள்ளுகிறது. அங்கே சற்றுக் குளிர்ந்திருக்கும் கான்கிரீட் தளத்தில் பட்டதும் ஆவி மீண்டும் நீராகி, பலகையின் முதுகில் சொட்டுகிறது. ஜிப்சம் பலகையின் இரு பக்கமும் ஒட்டியிருப்பது தாள். ஈரமான தாளைவிடப் பூசணத்துக்கு ஏற்ற உணவு கிடையாது.

அலமாரி வாடைக்கும் இதுவே காரணம். மும்பையின் அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்கு மேலே பரண் விட்டு, அதைப் படுக்கையறைப் பக்கமாகத் திறப்பது பழைய வழக்கம். புதுப்பிக்கும்போது பலகை வைத்து அதை மூடுகிறார்களே தவிர, இடுக்கு விடாமல் பூசுவதில்லை. ஃபேன் தள்ளும் ஈரக்காற்று அந்த இடுக்கு வழியாக நேரே உங்கள் அலமாரிக்கு மேலே இறங்குகிறது. ஃபேனே இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் புடவைகள் தப்பித்திருக்கும் என்பதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி, திருத்தும் வழி. ஃபேனின் வாய் 4 அங்குலமாக இருந்தால் குழாயும் 4 அங்குலமாகவே இருக்க வேண்டும். கையில் கிடைத்த 3 அங்குலக் குழாயை ரெட்யூசர் போட்டு மாட்டிவிடலாம் என்று பிளம்பர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். விட்டம் ஓர் அங்குலம் குறைந்தால் காற்று போகும் வழி ஏறத்தாழ பாதியாகிவிடும். நெளிக் குழாயைவிட, கழிவுநீருக்குப் பயன்படும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் எல்லா வகையிலும் மேல். உட்புறம் வழவழப்பாக இருப்பதால் காற்று தடையின்றிப் போகும், தொய்யாது, துருப்பிடிக்காது. ஃபேனுக்குப் பக்கத்தில் அதிர்வு தாங்குவதற்காக மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு நெளிக் குழாயை நன்றாக இழுத்துப் பொருத்தி, இரு முனையிலும் திருகு வைத்த உலோகக் கிளாம்ப் போடச் சொல்லுங்கள். துணி டேப்பை மட்டும் சுற்றிவிட்டுப் போனால், மும்பை ஈரத்தில் இரண்டே மழைக்காலத்தில் அதன் பசை விட்டுப்போகும். காட்கோபர் வீட்டில் நடந்தது அதுதான்.

குழாயை வெளிப்பக்கம் தாழ்வாகச் சரித்துப் போட வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சரிவு போதும். குழாய்க்குள்ளேயே குளிர்ந்து நீராகும் ஈரமும் காற்றடித்து உள்ளே வரும் மழைநீரும் அந்தச் சரிவில் வெளியே வடிந்துவிடும். சரிவு உட்புறமாக இருந்தால் இரண்டும் ஃபேன் மோட்டாரில் இறங்கும். வளைவு தேவைப்படும் இடத்தில் 90 டிகிரி எல்போ ஒன்றைவிட 45 டிகிரி வளைவுகள் இரண்டைச் சேர்த்துப் போடுவது நல்லது.

ஃபேனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜன்னலில் மாட்டும் இறக்கை வைத்த சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன், ஒரு சுவரின் பருமனைத் தாண்டிக் காற்றைத் தள்ளுவதற்கென்றே செய்யப்பட்டது. பத்தடிக் குழாய்க்குள் தள்ளும் வலு அதற்கு இல்லை. பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் காற்றளவு குழாய் எதுவும் இல்லாத நிலையில் அளந்தது. உங்கள் வீட்டில் வெளிச்சுவர் நான்கைந்து அடி தூரத்தில் இருந்தால் குழாய் மாட்டுவதற்கென்றே வரும், ஃபால்ஸ் சீலிங்கில் பதிக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். குழாய் அதைவிட மிக நீண்டு, இரண்டு மூன்று இடங்களில் வளைய வேண்டியிருந்தால், குழாயின் நடுவே பொருத்தும் இன்லைன் ஃபேனுக்கு மாறிவிடுங்கள். விலை கூடத்தான். ஆனால் சத்தம் தலைக்கு மேலே இருக்காது, காற்றும் உண்மையாகவே வெளியே போகும்.

சுவரைத் துளைப்பதில் அவசரம் கூடாது. உளியும் சுத்தியலும் வைத்து உடைத்தால் வெளிப்பூச்சு விரிசல் விட்டு, அந்த வழியாகவே மழைநீர் உள்ளே வரும். வைர முனை வைத்த கோர் கட்டிங் இயந்திரத்தால் வட்டமாகத் துளைக்கச் சொல்லுங்கள். பீமைத் தொடவே கூடாது. புதிய உயர்ந்த கட்டடங்களில் அலுமினிய அச்சு வைத்துச் சுவர்களையே கான்கிரீட்டாக வார்க்கிறார்கள். அவ்வகைக் கட்டடத்தில் சுவரும் தூணைப் போலச் சுமை தாங்குவதால், ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் பார்க்காமல் துளைக்கக் கூடாது. எந்தக் கட்டடமானாலும் வெளிச்சுவர் குடியிருப்போர் சொசைட்டிக்குப் பொதுவானது என்பதால், செக்ரட்டரிக்கு எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றுவிட்டே வேலையைத் தொடங்குங்கள். குழாயைச் சுற்றிய இடுக்கை வெளிப்புறமாகவே சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும்.

குழாயின் வெளிமுனையில் கீழ்நோக்கிய மூடி அவசியம். மும்பையின் மழை நேராக விழுவதில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து சாய்வாக அறையும். காற்று உள்ளே திரும்பாமலிருக்க, ஃபேன் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் மடிப்புத் தகடும் வேண்டும். புறா கூடு கட்டாமலிருக்க அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை போடுங்கள். கொசு வலை போட்டுவிட வேண்டாம். துண்டுகளிலிருந்து பறக்கும் பஞ்சும் தூசியும் சேர்ந்து சில மாதங்களில் அதை அடைத்துவிடும், பிறகு குழாய் இருந்தும் இல்லாத கதைதான்.

இவ்வளவும் முடிந்தபின், கறைபட்ட பலகையின் மேல் பெயின்ட் அடித்து மறைக்காமல், அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு வாரம் திறந்தே வைத்து உலரவிடுங்கள். பிறகு பிவிசி பலகையோ, ஈரம் தாங்கும் பச்சை நிற ஜிப்சம் பலகையோ போடலாம். பரண் இடுக்கையும் அப்போதே பூசிவிடுங்கள். மேல்வீட்டாரிடம் நீங்களே ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வந்தால், அந்த மனக்கசப்பும் தீரும்.

கேள்வி: எங்கள் குளியலறை ஃபேன் கட்டடத்தின் உள் டக்டை, அதாவது குழாய்கள் போகும் செங்குத்தான இடைவெளியை, பார்த்து இருக்கிறது. நாங்கள் ஃபேனை நிறுத்தியிருக்கும் நேரத்தில், கீழ்வீட்டார் புகைக்கும் சிகரெட் வாடையும் சாக்கடை வாடையும் எங்கள் குளியலறைக்குள் வருகின்றன. ஃபேனின் குழாயைப் பக்கத்திலேயே போகும் கழிவுநீர்க் குழாயின் காற்றுக்குழாயில் இணைத்துவிட்டால் நேரே மொட்டை மாடிக்குப் போய்விடும் என்கிறார் பிளம்பர். செய்யலாமா?
– ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். கழிவுநீர்க் குழாயிலிருந்து மேலே போகும் காற்றுக்குழாய் சாக்கடை வாயு வெளியேறுவதற்கானது. அதில் ஃபேனை இணைத்தால், ஃபேன் நிற்கும் நேரமெல்லாம் அந்த வாயு உங்கள் சீலிங் வழியாக இறங்கும். ஃபேன் ஓடும்போது அதன் அழுத்தம் உங்கள் தளத்திலும் மற்றத் தளங்களிலும் உள்ள வடிகால் வாய்களில் வாடையைத் தடுத்து நிற்கும் நீரைக் கலைத்துவிடக்கூடும். இப்போது ஒரு வீட்டில் இருக்கும் வாடை அப்போது ஐந்து வீடுகளுக்குப் போகும்.

டக்டின் உச்சியைப் போய்ப் பாருங்கள். வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தால், அதில் காற்றை விடுவது தவறில்லை. பல சொசைட்டிகள் மழைக்கும் புறாவுக்கும் பயந்து மேலே ஃபைபர் ஷீட்டைப் படியப் போட்டு மூடிவிடுகின்றன. அப்படி மூடியிருந்தால் எட்டு வீட்டு ஈரமும் புகையும் போக வழியின்றி, அழுத்தம் குறைந்த ஏதோ ஒரு வீட்டுக்குள் திரும்பும். ஷீட்டை எடுக்க வேண்டியதில்லை; இரும்புக் கால்கள் வைத்து ஒன்றரை அடி உயர்த்தி, நான்கு பக்கமும் வலை மட்டும் விட்டால் போதும். இதைச் சொசைட்டிக் கூட்டத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். உங்கள் அளவில், தானே மூடிக்கொள்ளும் ஷட்டர் உள்ள ஃபேனாக மாற்றுங்கள். பழைய ஷட்டர் இருந்தால், அதன் இதழ்களில் பிசுக்கேறி, பாதி திறந்தபடியே நிற்கிறதா என்று பாருங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவினாலே பல நேரங்களில் சரியாகிவிடும். சாக்கடை வாடைக்குத் தனியாக, தரை வடிகாலில் நீர் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நாள்தோறும் பயன்படுத்தாத குளியலறையில் அந்த நீர் வற்றிப்போய் வாடை ஏறும். இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும்.

கேள்வி: ஜூலை மாதத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கிறது. அப்போது ஃபேன் போட்டு என்ன பயன்?
– ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: பயன் உண்டு, ஆனால் ஓரளவுதான். மழை நாளில் வெளிக்காற்று 27 டிகிரியும் 90 விழுக்காடு ஈரப்பதமுமாக இருந்தால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீர் அதில் இருக்கும். குளித்து முடித்த அறையில் 35 கிராம் என்று மேலே பார்த்தோம். இந்த வேறுபாடு இருக்கும் வரை ஃபேன் ஈரத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் ஓடவிட்டாலும் தரை உலராது. ஆகையால் குளித்தபின் 20 நிமிடம் போதும். அதைவிட முக்கியம், குளித்தவுடன் சுவர் ஓடுகளிலும் தரையிலும் உள்ள நீரை வைப்பரால் வழித்து வடிகாலில் தள்ளிவிடுவது. நீராகவே வெளியேற்றிவிட்டால், அது ஆவியாகி அறையில் சுற்ற வேண்டியதில்லை. ஈரத் துண்டுகளைக் குளியலறைக்குள் உலர்த்துவதையும் மழைக்காலத்தின் நான்கு மாதங்களுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாட்டுங்காவில் பழைய கட்டடம். கண்ணாடிப் பட்டைகள் வைத்த ஜன்னலில் மேல் பட்டைகளை எடுத்துவிட்டு 6 அங்குல ஃபேன் மாட்டியிருக்கிறோம். கீழ்ப் பட்டைகளைத் திறந்தே வைக்கிறோம். சென்ற ஆண்டு இறுக்கமான புதுக் கதவும் போட்டோம். ஃபேன் ஓடியும் கண்ணாடியில் ஆவி போக அரை மணி நேரம் ஆகிறது. 8 அங்குலம் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் ஃபேன் தனக்குக் கீழே ஒரு முழத் தூரத்தில் திறந்திருக்கும் பட்டைகள் வழியாக வெளிக்காற்றை இழுத்து, அதையே மறுபடி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அறையின் மறுகோடியில் ஷவருக்கு மேலே நிற்கும் ஆவியை அது தொடுவதேயில்லை. ஃபேன் ஓடும்போது அந்தப் பட்டைகளை மூடிவிடுங்கள். காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து, கதவின் அடியிலிருந்து வர வேண்டும். உங்கள் புதுக் கதவு அந்த வழியையும் அடைத்துவிட்டது. தச்சரை அழைத்துக் கதவின் அடியில் ஒரு விரல்கடை அளவுக்கு அறுத்துவிடச் சொல்லுங்கள், அல்லது கீழ்ப்பகுதியில் சிறிய கிரில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அந்த இடுக்கருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உட்புறமாகச் சாய்ந்து தரையோடு ஓடினால் சரி.

மேலே கணக்கிட்ட 10 கன மீட்டர் குளியலறைக்கு, மணிக்குப் பத்து முறை காற்று மாறினால் போதும் என்று வைத்தாலும் 100 கன மீட்டர்தான் தேவை. சுவரிலோ ஜன்னலிலோ நேராக மாட்டிய 6 அங்குல ஃபேன் அதைத் தாராளமாகக் கொடுக்கும். சுமார் 30 வாட் ஃபேனை நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் மாதம் ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நெருலில் எங்கள் வாடகை வீட்டின் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருக்கிறது. ஜன்னல் சிறியது. வீட்டுக்காரர், 'எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுத் தருகிறேன், பயமில்லை' என்கிறார். என் மகள் சென்ற வாரம் குளித்துவிட்டு வந்து தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டாள். ஃபேன் போதுமா?
– ஒரு வாசகர், நெருல்

பதில்: ஐயா, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாள்வரை காத்திருக்க மனமில்லாமல், ஆசிரியர் குழு மூலம் உங்களுக்கு ஏற்கெனவே தகவல் அனுப்பியிருக்கிறேன். மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். போதாது. கேஸ் கீசர் எரிவதற்கு அறையின் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்கிறது. மூடிய சிறிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறையக் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்வதால், தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கி, கதவைத் திறக்கும் தெம்புகூட இல்லாமல் விழுந்துவிடுகிறார்கள். உங்கள் மகளுக்கு வந்தது இதன் தொடக்கமாகவே இருக்கலாம்; மருத்துவரிடம் இதைச் சொல்லியே காட்டுங்கள்.

கதவும் ஜன்னலும் இறுக்கமாக உள்ள அறையில் ஃபேன் நிலைமையை மோசமாக்கவும் கூடும். ஃபேன் காற்றை வெளியே இழுக்கும்போது அறையில் அழுத்தம் குறைந்து, கீசரின் புகைக்குழாய் வழியாகப் போக வேண்டிய எரிவாயுக் கழிவு அறைக்குள்ளேயே திரும்புகிறது. கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த பால்கனியிலோ காற்றோட்டமுள்ள சமையலறைப் பின்கட்டிலோ இருக்க வேண்டும். வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரட்டும். அதுவரை கீசரை எரிக்கவே வேண்டாம். அடுப்பில் வெந்நீர் வைத்து வாளியில் ஊற்றிக் குளிப்பது நான்கு நாள் சிரமம், அவ்வளவுதான். இடம் மாற்றிய பின் ஈரத்துக்காக எக்ஸாஸ்ட் ஃபேனும் போட்டுத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் கேட்டால் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.